கண்டி நகரில் ஒரு பகற்பொழுது

குருநாகற் சமவெளியிலிருந்து கண்டிக்கு ஏறிச் செல்லும் நெடுஞ்சாலை மலைநாட்டின் வாயிலைத் தொடும் இடத்தில் கலகெதர என்னும் ஊர் அமைந்துள்ளது. சிங்கள மொழியில் 'கல' என்பது கல்லையும் 'கெதர' என்பது வீட்டையும் குறிக்கும். காலைப் பொழுதில் அவ்வூர்ச் சந்தியிலே கண்டி செல்லும் பேருந்துக்காகக் காத்து நிற்போர் பலர். மாணவரும் வணிகரும் அலுவலரும் அவருள் அடங்குவர். தாம் நிற்கும் இடம் ஒரு காலத்தில் ஓர் இராச்சியத்தின் காவல் வாயிலாக இருந்தது என்னும் எண்ணம் அவர்களுக்கு எளிதில் தோன்றுவதில்லை.

கண்டியைக் காண வருவோரிற் பெரும்பாலார் கொழும்பிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய் வழியாகவே வருகின்றனர். ஆயினும், அந்நகரைக் கண்ணால் மட்டுமன்றிக் கருத்தாலும் காண விரும்புபவர் கலகெதரையிலிருந்து புறப்படுதல் நன்று. ஒரு தலைநகரத்தின் இயல்பை அறியவேண்டுமாயின், பகைவர் அதனை எவ்வழியால் அணுகினர் என்பதை முதலில் அறிதல் வேண்டும். கண்டிக்கு வந்த பகைவர் நடந்த வழிகளுள் இதுவும் ஒன்று.

1803 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் ஆங்கிலத் தளபதி மக்டோவல் கொழும்பிலிருந்து பெரும் படையொன்றை நடத்தி வந்தார். கலகெதரையிலும் அதனை அடுத்துள்ள கிரிஹாகமையிலும் கண்டியர் அமைத்திருந்த காவலரண்கள் அப்படையின் கையில் வீழ்ந்தன. திருகோணமலையிலிருந்து மற்றொரு படையும் வந்து சேர்ந்தது. இரு படைகளும் தலைநகரினுள் நுழைந்தபோது, அங்கே எதிர்த்து நிற்க ஒருவருமில்லை. மக்கள் நகரை விட்டு அகன்றிருந்தனர். அரண்மனையின் ஒரு பகுதி தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. வென்றவருக்குக் கிடைத்தவை வெறுமையான வீடுகளே.

இது கண்டியரின் பழைய போர்முறை. திருவள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்தில் நீரையும் நிலத்தையும் மலையையும் காட்டையும் நாட்டின் அரண்களாக எண்ணிக் காட்டினார். கண்டி இராச்சியத்துக்கு இந்நான்கும் இயற்கையாகவே வாய்த்திருந்தன. அதனால் அந்நகருக்கு உயர்ந்த மதில் தேவைப்படவில்லை. 1660 இல் சிறைப்பட்டு, ஏறத்தாழ 20 ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்து, 1679 இல் தப்பிச் சென்ற ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், அத்தலைநகர் முக்கோண வடிவானது என்றும், தெற்கே குறுக்கிட்ட மண்மேடு ஒன்றைத் தவிர அதற்குச் செயற்கைக் காவல் எதுவுமில்லை என்றும் எழுதிவைத்தார். பகைவர் வந்தால் ஊரை விட்டு விலகுதல், காட்டினுள் மறைதல், உணவு செல்லும் வழிகளை அடைத்தல், மழையும் காய்ச்சலும் தம் வேலையைச் செய்யும்வரை பொறுத்திருத்தல் என்பனவே கண்டியர் கையாண்ட உபாயங்கள்.

இவ்வுபாயம் பலமுறை பலித்தது. 1594 இல் தந்துறையிலும் 1638 இல் கன்னொருவையிலும் போர்த்துக்கேயப் படைகள் அழிந்தன. 1765 இல் ஒல்லாந்தர் தலைநகரைக் கைப்பற்றிக் கொள்ளையிட்ட போதிலும், அவ்வாண்டிலேயே அதனை விட்டுச் செல்ல நேர்ந்தது. 1803 இல் வந்த ஆங்கிலேயருக்கு நேர்ந்த கதி இவை யாவற்றினும் கொடியது. அதன் களத்தைக் கண்டிக்குச் செல்லும் வழியிலேயே நினைவுகூரலாம்.

கலகெதரையிலிருந்து புறப்படும் பேருந்து மலைச்சரிவுகளையும் வயல்களையும் கடந்து கட்டுகஸ்தோட்டையை அடைகின்றது. அங்கே மகாவலி கங்கை பாலத்தின் கீழ் ஓடுகின்றது. கண்டியை மூன்று பக்கமும் வளைத்து ஓடும் இவ்வாறே அந்நகரின் நீரரண். பாலத்துக்குக் கீழே ஆற்றின் போக்கில் வட்டப்புளுவை என்னும் இடம் உள்ளது. ஆங்கிலேயர் 1803 இல் கண்டியிற் புகுந்தபோது, முத்துசாமி என்னும் தமிழ் இளவரசரைத் தம்முடன் அழைத்து வந்து அரசராக அமர்த்தினர். முன்னிருந்த மன்னரான இராஜாதி ராஜசிங்கனுடைய தேவியின் உடன்பிறந்தவர் அவர். மக்களில் எவரும் அவரை ஏற்கவில்லை. காய்ச்சல் படையைத் தின்றது. ஜூன் மாத இறுதியில் மேஜர் டேவி நகரை ஒப்படைத்துவிட்டுத் திருகோணமலை நோக்கிப் புறப்பட்டார். வெள்ளம் பெருகியிருந்த ஆற்றைக் கடக்க வழியின்றி வட்டப்புளுவையில் அவர் நின்றபோது, முத்துசாமியைக் கையளிக்குமாறு கண்டியர் கேட்டனர். தம்மை நம்பி வந்தவரை டேவி கையளித்தார். முத்துசாமி கொல்லப்பட்டார். அச்செயலும் படையைக் காக்கவில்லை. வீரர்கள் அவ்விடத்திலேயே வெட்டுண்டனர். டேவி சிறைப்பட்டு, கண்டி நாட்டிலேயே மாண்டார்.

அந்நினைவோடு நகரினுள் நுழைபவர் முதலில் வியப்பது அதன் சிறுமையைக் கண்டே. அரண்மனை, தலதா மாளிகை, நான்கு தேவாலயங்கள், அரச மண்டபம், வாவி, கொலைக்களம், கல்லறைத்தோட்டம் யாவும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் அமைந்துள்ளன. மதுரையையோ தஞ்சையையோ கண்ட கண்ணுக்கு இது ஒரு பேட்டையளவே தோன்றும். செங்கடகலை என்னும் பழம்பெயர் கொண்ட இவ்வூரை 16 ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் விமலதர்மசூரியன் தன் அரசின் நிலையான தலைநகராக்கினான். அன்று தொடக்கம் 1815 வரை, கடற்கரை முழுவதும் அந்நியர் வசப்பட்ட காலத்திலும், தன்னாட்சி குன்றாமல் நின்றது இச்சிறு நகர்.

முற்பகலில் தலதா மாளிகையைக் காணல் வேண்டும். புத்தர்பெருமானின் புனித தந்தம் இங்கே போற்றப்படுகின்றது. இத்தாதுவை உடையவரே நாட்டை ஆளும் உரிமை உடையவர் என்பது பண்டு தொட்டு நிலவிய நம்பிக்கை. ஆதலால், ஆலயமும் அரண்மனையும் இங்கே ஒரே வளாகத்தில் இணைந்து நிற்கின்றன. முன்புறத்திலுள்ள அகழியும் எண்கோண மண்டபமும் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தவை. தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பாசாரி அவற்றைச் சமைத்தார். மன்னர் மக்களுக்குக் காட்சி தந்த அம்மண்டபம் பின்னாளில் ஓலைச்சுவடிகளைக் காக்கும் நூல்நிலையமாயிற்று. 1998 ஆம் ஆண்டு ஜனவரி 25 ஆம் நாள் விடுதலைப் புலிகள் நிகழ்த்திய குண்டுத் தாக்குதலில் மாளிகையின் முகப்புச் சிதைந்தது, உயிர்களும் அழிந்தன. பின்னர் யாவும் பழைய முறைப்படியே புதுப்பிக்கப்பட்டன. மேற்பூச்சு உதிர்ந்த சுவர்களில் அதன்கீழ் மறைந்திருந்த பழைய ஓவியங்கள் வெளிப்பட்டன.

இம்மாளிகையின் வரலாற்றில் தமிழ் மக்கள் ஊன்றி அறியவேண்டிய பகுதி ஒன்று உண்டு. 1739 இல் நரேந்திரசிங்கன் அரசுரிமைக்கு ஏற்ற மைந்தனின்றி இறந்தபோது, மதுரையிலிருந்து வந்த அவனுடைய தேவியின் தமையனார் அரியணை ஏறினார். அவரே ஸ்ரீ விஜய ராஜசிங்கன். அவர் தொடக்கம் நால்வர் நாயக்கர் குலத்தினர். அவர்கள் தெலுங்கு வழியினர். தமிழகத்தில் வாழ்ந்து தமிழோடு கலந்தவர். சைவ வைணவ நெறியிற் பிறந்தவர். அவர்களுள் இரண்டாமவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் 1747 முதல் 1782 வரை ஆட்சி செய்தார். அக்காலத்தில் இலங்கையில் முறைப்படி துறவு பெற்ற பௌத்த பிக்குகளின் பரம்பரை அற்றுப்போயிருந்தது. வெலிவிட்ட சரணங்கரர் என்னும் பெருந்துறவியின் முயற்சிக்குத் துணைநின்று, சீயத்துக்குத் தூது அனுப்பி, 1753 இல் உபாலி தேரரை வரவழைத்து, அப்பரம்பரையை மீண்டும் நிறுவியவர் இம்மன்னர். மல்வத்தை, அஸ்கிரியை ஆகிய இரு பெரும் விகாரைகளின் இன்றைய மரபு அவ்வாறு தழைத்ததேயாம்.

ஆயினும், அவரை அனைவரும் ஏற்றனர் அல்லர். அவர் திருநீறு அணிகின்றார் என்பதை ஒரு குறையாகக் கொண்டு, பிரதானிகள் சிலரும் பிக்குகள் சிலரும் 1760 இல் அவரைக் கொல்லச் சூழ்ச்சி செய்தனர். சூழ்ச்சி வெளிப்பட்டது, பிரதானிகள் தண்டிக்கப்பட்டனர். பௌத்த சமயத்துக்கு அளித்துவந்த ஆதரவை மட்டும் மன்னர் நிறுத்தவில்லை. முன்பு தேவாலயங்களின் விழாவாக இருந்த எசல பெரகராவில் புனித தந்தமும் எழுந்தருளி முதன்மை பெறும் வழக்கம் அவர் காலத்திலேயே ஏற்பட்டது. அவ்வொழுங்கில் தலதா மாளிகையை அடுத்து நாதர், விஷ்ணு, கதிர்காமக் கந்தன், பத்தினி ஆகியோரின் தேவாலய ஊர்வலங்கள் இன்றும் தொடர்கின்றன.

மாளிகைக்கு எதிரேயே அத்தேவாலயங்களைக் காணலாம். நாத தேவாலயம் 14 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. கண்டியில் இன்று நிற்கும் கட்டடங்களுள் மிகப் பழையது அதுவே. அதன் கல் வேலைப்பாட்டிலே தென்னிந்தியச் சிற்பமுறையின் சாயல் விளங்குகின்றது. அருகிலுள்ள பத்தினி தேவாலயத்தில் வழிபடப்படுபவள் தமிழர் கண்ணகி எனப் போற்றும் தெய்வமே. சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவில் இலங்கைக் கயவாகு மன்னன் இருந்தான் எனச் சிலப்பதிகாரம் கூறும். இரு மொழியினரும் வேறுவேறு பெயரால் அழைத்து ஒருத்தியையே வணங்கும் காட்சியை இங்கே காணலாம்.

நண்பகலில் அரச மண்டபத்தின் நிழல் இதமானது. மகுல் மடுவ எனப்படும் இம்மண்டபத்தை இராஜாதி ராஜசிங்கன் 1783 இல் தொடங்கினார். அவருக்குப் பின் வந்தவர் நிறைவு செய்தார். செதுக்கு வேலை நிறைந்த மரத்தூண்கள் வரிசை வரிசையாக ஓட்டுக் கூரையைத் தாங்கி நிற்கின்றன. மன்னர் கொலுவிருந்ததும் பிரதானிகள் பணிந்து நின்றதும் இங்கேதான். இராச்சியம் முடிவுற்றதும் இங்கேதான். அம்முடிவை விளங்கிக்கொள்வதற்கு, மண்டபத்தை விட்டுச் சற்றே வெளியே வந்து, வாவிக் கரையில் நடத்தல் வேண்டும்.

கண்டியின் அழகு அவ்வாவியே என்று கூறாதவர் இல்லை. வயல்நிலமாகக் கிடந்த பள்ளத்தை அணையிட்டு, 1807 ஆம் ஆண்டளவில் அதனைத் தொடங்கியவர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். பாற்கடல் என்னும் பொருள்படக் 'கிரி முகுத' என்று அதற்குப் பெயர். கரையோரத்து முகில் மதிலின் ஒரு பகுதி முற்றுப்பெறாமலே நிற்கின்றது. அழகிய இவ்வாவியை வெட்டியவர் கூலியாட்கள் அல்லர். அரசனுக்குச் செய்யவேண்டிய ஊழியத்தின் பேரில் ஊர்களிலிருந்து திரட்டப்பட்ட குடியானவர். பயிர் செய்யவேண்டிய கைகள் மண் சுமந்தன. நாட்டைக் காக்கும் அணையையோ வயலுக்கு நீர் பாய்ச்சும் குளத்தையோ கட்டியிருந்தால் மக்கள் பொறுத்திருப்பர். நகருக்கு அணியாக அமையும் வாவிக்காக வருந்தியதை அவர்கள் மனம் ஒப்பவில்லை. பிரதானிகளின் வெறுப்பும் அத்தோடு சேர்ந்தது.

கண்ணுசாமி என்னும் இயற்பெயர் கொண்ட அம்மன்னரை, 1798 இல் இளமைப் பருவத்தில் அரியணையில் ஏற்றியவர் பிலிமத்தலாவை என்னும் முதல் அதிகாரம். தம் கைப்பாவையாக இருப்பார் என்று எண்ணியே அவர் ஏற்றினார். மன்னர் பாவையாக இருக்கவில்லை. பிலிமத்தலாவை இறுதியில் உயிரிழந்தார். அவர்பின் வந்த எகலப்பொல அதிகாரம் மீதும் ஐயம் விழுந்தது. 1814 இல் எகலப்பொல ஆங்கிலேயரிடம் தஞ்சம் புகுந்தார். மன்னரின் சினம் அவருடைய குடும்பத்தின்மேற் பாய்ந்தது. பிள்ளைகள் தாயின் கண்ணெதிரே கொல்லப்பட்டனர். தாய் போகம்பறை வாவியில் ஆழ்த்தப்பட்டாள். பாற்கடலிலிருந்து அவ்விடத்துக்கு நடந்து செல்லச் சில நிமிடங்களே ஆகும். போகம்பறை வாவி தூர்ந்து, இன்று நகரின் சந்தடி மிகுந்த பகுதியாகிவிட்டது. ஆனால், அத்தாயின் கதையை நாட்டு மக்கள் மறக்கவில்லை.

இதற்கிடையில், யோன் டொயிலி என்னும் ஆங்கில அதிகாரி கொழும்பில் அமர்ந்து கண்டியின் உள்வீட்டைக் கண்காணித்துக் கொண்டிருந்தார். சிங்களத்தை நன்கு கற்றவர் அவர். ஒற்றரும் ஓலைகளும் வாயிலாகப் பிரதானிகளின் மனக்கசப்பை ஒவ்வொன்றாக அறிந்துகொண்டார். 1815 ஜனவரியில் போர் அறிவிக்கப்பட்டது. கலகெதரைக் கணவாயும் மற்றைக் கணவாய்களும் 1803 இல் இருந்தவாறே இருந்தன. மலை தாழவில்லை, காடு குறையவில்லை, ஆறு வற்றவில்லை. ஆனால், அவற்றில் நின்று போர்புரிய மனமுள்ளவர் இல்லை. பெப்ரவரி நடுப்பகுதியில் ஆங்கிலப் படை பெரும் எதிர்ப்பின்றி நகரிற் புகுந்தது. பெப்ரவரி 18 ஆம் நாள் தும்பறைப் பகுதியில் மறைந்திருந்த மன்னர் பிடிபட்டார். அரண் எத்துணைச் சிறந்ததாயினும், அதனுள்ளே தக்கவர் இல்லையாயின் பயனில்லை என்று அதே அதிகாரத்தின் முடிவில் வள்ளுவர் கூறியதற்குக் கண்டியைவிடச் சான்று வேண்டுவதில்லை.

1815 மார்ச் 2 ஆம் நாள் அரச மண்டபத்தில் கண்டி உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. பிரதானிகள் தம் நாட்டைப் பிரித்தானிய முடிக்கு ஒப்புவித்தனர். அவர்களுட் சிலர் தமிழ் எழுத்துக்களில் ஒப்பமிட்டிருத்தல் கருதத்தக்கது. அவ்வரசவையில் தமிழ் எவ்வளவு வழங்கிற்று என்பதற்கு அதுவே சான்று. அதே உடன்படிக்கை, மன்னரின் குலத்தினர் எக்காலத்தும் அரசுரிமை பெறலாகாது என்றும், அவருடைய ஆண் உறவினர் கண்டி நாட்டினுள் நுழையலாகாது என்றும் விதித்தது. ஒரு கையால் தமிழில் ஒப்பமிட்டு, மறு கையால் தமிழகத்து உறவை வெட்டிய நாள் அது.

மன்னரின் உறவினர் வாழ்ந்த தெரு இன்றும் உண்டு. பிற்பகலில் மாளிகைக்கு அண்மையில் நடந்து செல்பவர் மலபார் வீதி என்னும் பெயர்ப்பலகையைக் காண்பார். தமிழரை மலபாரிகள் என்று அழைத்த ஐரோப்பியர் வழக்கின் எச்சம் அது. குடியிருந்தோர் போயினர், பெயர் மட்டும் எஞ்சியுள்ளது.

ஒப்பமிட்ட பிரதானிகள் நெடுங்காலம் மகிழ்ந்திருக்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் ஊவாவில் எழுந்த கிளர்ச்சி நாடெங்கும் பரவியது. கிளர்ச்சிக்காரர் முன்னிறுத்திய அரசுரிமையாளர், தாம் துரைசாமி என்னும் நாயக்கர் குலத்தவர் என்றே கூறிக்கொண்டார். எந்தக் குலத்தை விலக்கிப் பத்திரம் எழுதினரோ, அக்குலத்தின் பெயராலேயே மக்களைத் திரட்ட வேண்டியதாயிற்று. கிளர்ச்சியின் தலைவர் கெப்பெட்டிப்பொல திசாவை 1818 நவம்பரில் போகம்பறையில் தலை வெட்டப்பட்டார். எடின்பரோவுக்குக் கொண்டு செல்லப்பட்ட அவருடைய மண்டையோடு, நாடு விடுதலை பெற்ற பின்னரே திரும்பி வந்தது. தலதா மாளிகையின் முன்னுள்ள திடலில் அவருடைய நினைவுத்தூண் நிற்கின்றது. எகலப்பொலவோ மொறீசியசுத் தீவுக்கு நாடுகடத்தப்பட்டு, 1829 இல் அங்கேயே இறந்தார்.

வெயில் தணியும் வேளையில், மாளிகையின் பின்புறமுள்ள மேட்டில் ஏறினால், மரநிழலில் ஆங்கிலப் படையினரின் கல்லறைத்தோட்டம் தோன்றும். போரைவிடக் காய்ச்சலால் மாண்டோரே அங்கு மிகுதி. அங்கே யோன் டொயிலியின் கல்லறையும் உள்ளது. அவர் 1824 இல் கண்டியில் காலமானார். அவர் எந்த மன்னரை அரியணையிலிருந்து இறக்கினாரோ, அம்மன்னரின் சமாதி இங்கு இல்லை. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1816 இல் கடல் கடந்து தமிழகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டார். 1832 ஜனவரி 30 ஆம் நாள் அங்கே உயிர் நீத்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்னும் நினைவிடம் அவருக்கு உண்டு. கண்டியை ஆண்டவர் வேலூரிலும், கண்டியைக் கவர்ந்தவர் கண்டியிலும் உறங்குகின்றனர். இவ்விரு கல்லறைகளின் இடைத்தூரமே கண்டி வரலாற்றின் துயரம்.

அம்மன்னரைக் குற்றமற்றவர் என்று கூறுதல் இயலாது. எகலப்பொல குடும்பத்தின் குருதி அதற்குச் சாட்சி. அவரை அந்நியர் என்று ஒதுக்குதலும் நேர்மையன்று. அவர் சமைத்த வாவியும் எண்கோண மண்டபமுமே இன்று கண்டியின் முகமாக விளங்குகின்றன. அவர் வீழ்ந்தது தமிழர் என்பதனால் அன்று. தம் மக்களின் நம்பிக்கையை இழந்தமையாலேயாம். நம்பிக்கை இருந்த காலத்தில், அதே குலத்தவரான கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனுடைய நாட்டில் ஒல்லாந்தப் படை புகுந்தும் நிலைக்க முடியவில்லை.

மாலையில் தலதா மாளிகையில் பூசைக்குரிய முரசு ஒலிக்கின்றது. வெண்ணிற ஆடையுடுத்த அடியார் தாமரையும் அலரியும் ஏந்திப் படியேறுகின்றனர். வாவியின் நீரிலே விளக்குகள் மின்னத் தொடங்குகின்றன. 1988 இல் உலக மரபுரிமை நகரங்களுள் ஒன்றாக ஏற்கப்பெற்ற இந்நகரைக் காணப் பல நாட்டினரும் வந்து கூடுகின்றனர்.

கலகெதர செல்லும் பேருந்து அவ்வேளையில் மீண்டும் மகாவலியைக் கடக்கின்றது. காலையில் கண்ட அதே மலைகள் இருளிற் கறுத்து நிற்கின்றன. இரு நூற்றாண்டுக்கு மேலாக ஓர் அரசைக் காத்தவை அம்மலைகள் என்று காலையில் எண்ணியவர், காத்தவர் மலைவாயிலில் நின்ற மக்களே என்று எண்ணியவராய் வீடு திரும்புவார்.